சிவப்புக்குப் பொருள் என்ன?

பண்பொழி வயலிலே நெல்லுக்கு அடிப்பதை ‘மருந்து’ என்கிறோம். உள்ளிருப்பதோ நஞ்சு!

1958-இல், மலைக்கு அப்பால் கேரளத்திலே, கப்பலில் கோதுமை மாவோடு ஏற்றிவந்த பாலிடால் கசிந்து கலந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகுதான் 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பாவின் சதுரத்திலே சிவப்பு கொடிய நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு என 1971 விதிகள் வகுத்தன. பச்சையும் நஞ்சே!

ஆனால் டப்பா முதலாளி கையில். தெளிப்பான் கூலியாளின் முதுகில்! பொடியெழுத்து யாருக்குப் பயன்? விற்கும் கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லட்டும். வேளாண்மை அலுவலர் வரப்புக்கு வந்து விளக்கட்டும். டப்பாவைக் காட்டாமல் தெளிப்பானைத் தோளில் ஏற்றாதீர்! உயிர் காக்கும் எழுத்து, உழைப்பவன் கண்ணில் படவேண்டும்.