இடிப்பதா, திருத்துவதா?

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இரவுகளில், பல இலட்சம் ரூபா செலவிட்டுக் கொங்கிறீற் தட்டுக்கூரையுடன் வீடு கட்டியோர் உள்ளே இருக்கமுடியாது முற்றத்துக்கு ஓடிவந்தனர். பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டை இடிக்காது வைத்திருந்தோர் விறாந்தையிற் பாயை விரித்து உறங்கினர். எந்த வீடு நாகரிகமான வீடு என்ற கேள்வியை அப்பொழுதே நாம் கேட்டிருக்கவேண்டும். மின்சாரம் திரும்பியது, கேள்வியும் மறைந்தது.

ஆனால் கட்டணப் பட்டியல் மறையவில்லை. 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் அது இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. அப்பட்டியல்களில் மாதத்துக்கு 60 அலகு என்பது ஓர் எல்லைக்கோடாக இருந்தது. கோட்டினுள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலை. கோட்டைத் தாண்டிவிட்டாலோ, தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே வேறு விலை. நிலையான கட்டணமும் உயரும்.

இதை ஒரு விவசாயியின் வீட்டில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய பாணி மின்விசிறி ஒன்று 75 வாற்று மின்சாரத்தை இழுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 27 அலகு. மூன்று விசிறிகளுக்கு 81 அலகு. விளக்கேற்றுமுன்னரே அந்த வீடு கோட்டைத் தாண்டிவிட்டது! இப்பொழுது கிடைக்கும் புதுவகை விசிறிக்கு 30 வாற்றளவே போதும். அவ்விதம் மூன்று விசிறிகள் அதே நேரம் ஓடினாலும் 33 அலகைத் தாண்டா. விசிறியின் விலை சற்று அதிகந்தான். ஆயினும் அந்த விலையைக் கொடுக்க வசதியுள்ள டாக்டரும் பொறியியலாளரும் அதை வாங்கிவிடுகிறார்கள். மாதந்தோறும் கட்டணத்துக்கு ஏங்கும் தோட்டக்காரர் பழைய விசிறியையே சுழலவிடுகிறார். இல்லாதவனே அதிகம் கட்டும் இந்த விந்தையை நாம் இனியும் பொறுத்திருக்க வேண்டுமா?

விசிறி 12 மணி நேரம் ஏன் ஓடுகிறது என்று கேட்டால், விடை கூரையில் இருக்கிறது. பகல் முழுவதும் வெயிலை உண்ட கொங்கிறீற் தட்டு, இரவு முழுவதும் அதை வீட்டினுள் உமிழ்கிறது. தகரமும் அஸ்பெஸ்டசும் பகலிலேயே உலையாகின்றன. நம் முன்னோர் சுண்ணாம்புக் கல்லினால் முழங்கையளவு தடிப்பில் சுவர் எழுப்பினார்கள். பனை வளையும் சிலாகையும் இட்டு ஓடு வேய்ந்தார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்குமிடையே காற்றுப் புகும். உயர்ந்த முகட்டில் வெக்கை தங்காது. நடு முற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழ, விறாந்தைப் பக்கத்துக் குளிர்ந்த காற்று அதன் இடத்தை நிரப்பும். சோளகமும் வாடையும் எப்பக்கம் வரும் என்பதை அறிந்து வாயிலும் சாளரமும் வைத்த கைகள் அவை. அதே கூரையின் கீழ்த்தான் வெங்காயப் பிடிகளும் அழுகாது தொங்கின.

பழைமை என்பதற்காக நாம் எதையும் பாராட்டவில்லை. அந்த வீடுகளின் உள்ளறைகள் இருண்டவை. பட்டப்பகலிலும் விளக்குக் கேட்பவை. மாரியில் ஒழுகும், கறையான் ஏறும். இவை திருத்தக்கூடிய குறைகள். இரண்டு கண்ணாடி ஓடுகளைச் செருகினால் அறைக்குப் பகல் வந்துவிடும். புதிய வீடுகளுக்கும் விமோசனம் இல்லாமலில்லை. தட்டுக்கூரையின் மேல் வெண்சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். தகரத்தின் கீழ் ஒரு தட்டி அடித்து, இடையிலே காற்றோட இடம் விட்டால் புழுக்கம் குறையும். மேற்குச் சுவரை மறைக்க ஒரு வேம்போ பாகற்பந்தலோ போதும். இவற்றில் எதற்கும் கொழும்பிலிருந்து நிபுணர் வரவேண்டியதில்லை.

நம் வீடுகள் அழிந்தது நம் விருப்பத்தால் மட்டுமல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுச்சென்ற வீடுகள் பல, அவர்கள் திரும்பியபோது ஓடும் மரமும் இழந்து மொட்டைச் சுவர்களாய் நின்றன. பல அடியோடு இல்லை. அவ்விடத்தே என்ன கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் வெயிலை எண்ணிப்பார்த்தார்களா? 2016 இல் 65,000 பொருத்து வீடுகளை வடக்கு கிழக்கில் நிறுவ அரசாங்கம் முனைந்ததே, அதை நினைவுகூர்வோம். இந்திய அரசின் உதவித்திட்டத்தில் குடும்பங்கள் 5½ இலட்சம் ரூபாவைப் பெற்றுத் தாமே கல்வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. உருக்குப் பொருத்து வீடொன்றுக்கோ ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்று முதலிற் கணக்கிடப்பட்டது. நம் வெப்பத்துக்கும் உப்புக் காற்றுக்கும் அது ஒவ்வாது என்று அறிஞர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தமையால், 65,000 என்ற அந்த எண்ணிக்கை கைகூடவில்லை. எதிர்த்தவர்களுக்கு நாடு நன்றி சொல்லவில்லை, நாமாவது சொல்வோம்.

அஸ்பெஸ்டஸ் கதை இதனினும் சுவையானது. உடல் நலத்துக்குத் தீங்கானதென அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் எண்ணியது. 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. தேயிலையில் ஒரு வண்டு கிடந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு உடனே ஒத்திவைக்கப்பட்டது. ஆக, நம் தலைக்குமேல் என்ன கூரை இருக்கவேண்டும் என்பதை ஒரு வண்டு தீர்மானித்தது.

சக்தியைச் சிக்கனப்படுத்துவதற்கென 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் ஓர் அதிகார சபை இருக்கிறது. கட்டிடங்களுக்கான விதிக்கோவையும் உண்டு. அது பெருங்கட்டிடங்களை மனதிற்கொண்டு எழுதப்பட்டது. சுன்னாகத்திலும் கரவெட்டியிலும் உள்ள பழைய வீட்டுக்கு அதில் இடமில்லை. அரசாங்க அலுவலகங்களின் கோலமோ சொல்லுந்தரமன்று. உயர்ந்த கூரையும் அகன்ற சாளரமும் கொண்ட பழைய மண்டபத்தைக் கண்ணாடித் தடுப்புகளால் கூறுபோடுகிறார்கள். சாளரத்தை ஆணியடித்து மூடுகிறார்கள். பிறகு ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளிரூட்டியை மாட்டுகிறார்கள். சாதாரண அறைக் குளிரூட்டி ஒன்று ஓடுகையில் 1,000 வாற்றுக்கு மேல் இழுக்கிறது. அதைக்கொண்டு புதுவகை விசிறிகள் முப்பதுக்கு மேல் ஓட்டலாம். உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் மிஷனரிமார் மின்சாரம் என்பதே இல்லாத காலத்தில் பாடசாலைகளை நடத்தினார்கள் என்பதை அந்த அதிகாரிகளுக்கு யார் சொல்வது?

வேலையைத் தொடங்கவேண்டிய இடம் ஊர்தான். ஒவ்வோர் ஊரிலும் சனசமூக நிலையம் இருக்கிறது. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மின்பட்டியலை வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் வீடு வீடாகச் சென்று, கூரை எது, விசிறி எத்தனை, எத்தனை அலகு என்று ஒரு கொப்பியில் எழுதிவந்தால் ஊரின் நிலை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். 60 அலகுக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் வீடுகளை முதலில் தெரிந்தெடுக்கலாம். அவற்றுக்குச் சங்கம் விசிறிகளை மொத்தமாக வாங்கித் தவணைக்குக் கொடுக்கட்டும். குறையும் கட்டணத்திலிருந்தே தவணை கட்டப்படும். நம் பொறியியலாளர்களும் கட்டிடக் கலைஞர்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கமாட்டார்களா? ஓடு வேயவும் சுண்ணாம்புச் சாந்து குழைக்கவும் தெரிந்த மேசன்மார் சிலர் இன்னும் எஞ்சியிருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ளப் பத்து இளைஞரை அனுப்பாவிட்டால், திருத்த விரும்பினாலும் திருத்த ஆளிராது.

வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஆனால் பிரதேச சபைகளை 2025 மே மாதம் 6 ஆம் திகதி மக்கள் வாக்களித்துத் தெரிந்தனர். கட்டிட அனுமதிப் பத்திரம் அந்தச் சபைகளின் கையில் இருக்கிறது. பழைய வீட்டை இடிக்க விண்ணப்பிப்போரிடம், திருத்த என்ன செலவாகும் என்ற மதிப்பீட்டையும் கேட்கலாம். திருத்துவோருக்கு அனுமதிக் கட்டணத்தைக் குறைக்கலாம். தத்தம் வாசிகசாலைக்கும் சந்தைக் கட்டிடத்துக்கும் இதே திருத்தத்தை முதலிற் செய்துகாட்டி, முன்னைய பட்டியலையும் பின்னைய பட்டியலையும் வாசலில் ஒட்டலாம். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தொகையை எந்தச் சபை முதலில் ஒதுக்கப்போகிறது? தவிசாளர்களின் பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.