இரக்கம் என்ற சொல்லை அறியாதவர்கள்

அறிவு வளர்ந்தால் அன்பும் தானே வளர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிள்ளைகளின் மதிப்பெண்களை நாள்தோறும் கேட்டறியும் நாம், அவர்களுடைய இரக்கத்தைப் பற்றி எத்தனை முறை கேட்கிறோம்? இவ்வினாவை நம்முன் நிறுத்தும் கதையொன்றை இம்மாதம் சிந்திப்போம்.

இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் கற்பனைத் தொடரை 1963 நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. அதே ஆண்டு டிசம்பரில், இரும்புக் கூட்டுக்குள் வாழும் 'டாலெக்' என்னும் கொடிய உயிர்களை அத்தொடரில் உலவவிட்டார் டெர்ரி நேஷன் என்ற எழுத்தாளர். 1930-இல் கார்டிஃப் நகரில் பிறந்து, உலகப் போரின் நடுவே வளர்ந்தவர் அவர். தம் இனம் ஒன்றே வாழத் தகுந்தது, ஏனைய யாவும் அழியத் தகுந்தவை என்னும் நாசி வெறியையே அவ்வுயிர்களின் வடிவில் அவர் காட்டினார்.

அவற்றைப் படைத்தவன் யார் என்ற வினாவுக்கு 1975 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆறு பகுதிகளாக விடை வந்தது. அவன் பெயர் டேவ்ராஸ். ஸ்காரோ என்னும் கோளில் கேலெட், தால் என்ற இரு இனத்தார் ஆயிரம் ஆண்டுகளாகப் போரிடுகின்றனர். டேவ்ராஸ் கேலெட் இனத்தின் தலைமை விஞ்ஞானி, ஈடற்ற மேதை. போரின் நச்சால் தன் இனம் உருமாறி வருவதைக் கண்டு, அதன் இறுதி வடிவைத் தாங்க ஓர் இயந்திரக் கூடு செய்கிறான். அதுவரை அவன் செய்தது குற்றமன்று. ஆனால் அவ்வுயிர்களிடமிருந்து மனச்சான்றையும் இரக்கத்தையும் அவன் வேண்டுமென்றே அகற்றிவிடுகிறான். இரக்கம் பலவீனம் என்பது அவன் கொள்கை.

கதைத் தலைவரான டாக்டர் அவனிடம் ஒரு வினா எழுப்புகிறார்: உயிரனைத்தையும் அழிக்கவல்ல ஒரு நுண்கிருமியை நீ படைத்தால், அதைப் பயன்படுத்துவாயா? டேவ்ராஸ் திடுக்கிடவில்லை. அவ்வாற்றலைத் தன் விரலிடையே வைத்திருப்பதாக எண்ணிப் பார்த்து மகிழ்கிறான். தெய்வங்களுக்கும் மேலே தன்னை அது உயர்த்தும் என்கிறான். ஏதேன் தோட்டத்தில் நம் முதற்பெற்றோர் கேட்ட பொய்யும் இதுவே அன்றோ?

பின்னர் நடப்பது இன்னும் கொடிது. தன் ஆய்வை நிறுத்த முற்பட்ட தன் சொந்த நகரையே அழிக்கும் வழியைப் பகைவருக்குச் சொல்லிக் கொடுக்கிறான். மனச்சான்றைத் திரும்ப வைக்கும்படி வேண்டிய உடன் விஞ்ஞானிகள் கொல்லப்படுகின்றனர். இறுதியில் டாலெக்குகள் அவனுடைய ஆதரவாளர் மீதே பாய்கின்றன. அப்போதுதான் டேவ்ராஸ், அவர்கள்மேல் இரக்கம் கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். அச்சொல்லுக்குப் பொருள் தெரியாது என்று விடை வருகிறது. தான் கற்பிக்காததைத் தன் படைப்பிடம் எதிர்பார்த்தவன், அதன் கையாலேயே வீழ்கிறான்.

இக்கதையில் நாம் ஏற்கத்தகாத ஒன்றும் உண்டு. டேவ்ராஸ் உடல் சிதைந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தவனாகக் காட்டப்பட்டான். ஊனத்தைத் தீமையின் அடையாளமாக்குவது தவறு என உணர்ந்து, 2023-இல் வந்த ஒரு சிறு நிகழ்ச்சியில் அத்தொடரின் பொறுப்பாளர்கள் அவனை நாற்காலியின்றியே காட்டினர். நன்று செய்தனர். அவனுடைய கேடு உடலில் இல்லை, உள்ளத்தில் இருந்தது.

திருச்சபை அறிவியலுக்குப் பகையன்று. மரபியலுக்கு அடிகோலிய மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி; விரிவடையும் பேரண்டத்தைப் பற்றி 1927-இல் எழுதிய லெமைத்ர் ஒரு குரு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 பிப்ரவரி 25-ஆம் நாள் அணுகுண்டால் எரிந்த ஹிரோஷிமாவில் நின்று அறிவியலாரிடம் பேசியபோதும், அறிவை வெறுக்கும்படி கேட்கவில்லை; அறநெறிக்கு அதைப் பணியச் செய்யும்படியே வேண்டினார்.

அப்படிப் பணியச் செய்தவர்களும் உண்டு. ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலார் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றினார். செர்மனி குண்டு செய்யும் முயற்சியைக் கைவிட்டுவிட்டது என அறிந்ததும், 1944-இன் இறுதியில் அதைவிட்டு விலகினார். பின்பு தம் இயற்பியலை மருத்துவத்திற்குப் பயன்படுத்தினார். அணு ஆயுதங்களுக்கு எதிராக வாழ்நாளெல்லாம் உழைத்து, 1995-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். டேவ்ராசுக்கும் அவருக்கும் அறிவில் அன்று வேற்றுமை. 'இதைச் செய்யலாமா' என்று தம்மையே கேட்டுக்கொள்ளும் துணிவில்தான்.

அன்புப் பெற்றோரே, அத்துணிவு பல்கலைக்கழகத்தில் திடீரென முளைப்பதில்லை. தோற்ற தோழனை எள்ளி நகையாடும் மகனைத் திருத்தும்போதும், நோயுற்ற அண்டை வீட்டாருக்குக் கஞ்சி கொண்டுபோக மகளை அனுப்பும்போதும், வீட்டு வேலை செய்பவரை மரியாதையாக அழைக்கக் கற்பிக்கும்போதும் அது வித்திடப்படுகிறது. இரக்கமுடையோரே பேறுபெற்றோர் என்று மலைமேல் போதித்த ஆண்டவர், அப்பாடத்தின் முதல் ஆசிரியர்களாக நம்மையே நியமித்திருக்கிறார். இன்றிரவு குடும்பச் செபத்தின்போது நம் பிள்ளைகளுக்காக நல்ல அறிவை வேண்டுவோம். அதனோடு இரங்கும் இதயத்தையும் மறவாது கேட்போம்.