நாலு பேரும் ஒரே நாளில் சோலோ ஆல்பம்... ஸ்கோர் செய்தது பாடவே தயங்கிய கிட்டாரிஸ்ட்!

செப்டம்பர் 18, 1978. அமெரிக்க ஹார்ட் ராக் பேண்ட் 'கிஸ்'ஸின் நாலு பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு சோலோ ஆல்பம் வெளியிட்டார்கள். முகம் முழுக்க மேக்கப், மேடையில் நெருப்பு என அதகளம் செய்துகொண்டிருந்த பேண்ட் அது. கேஸாபிளாங்கா ரெக்கார்ட்ஸ் லட்சக்கணக்கில் அச்சடித்து கடைகளுக்கு அனுப்பியது. விற்காமல் திரும்பி வந்தவையும் ஏராளம்!

அந்த நாலில் இன்றைக்கும் முழுசாகக் கேட்க முடிவது ஒன்றுதான் என்பேன். லீட் கிட்டாரிஸ்ட் ஏஸ் ஃப்ரேலியின் ஆல்பம்.

யார் இந்த ஏஸ்?

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பையன். கிஸ்ஸில் ஜீன் சிம்மன்ஸும் பால் ஸ்டான்லியும்தான் முகங்கள். ஏஸ் ஓரமாக நின்று சோலோ வாசிப்பவர். 'கோல்ட் ஜின்' பாட்டை எழுதியவர் அவர், ஆனா பாடியது ஜீன். தன் குரல் மேல் அவ்வளவு நம்பிக்கையின்மை! 1977-ல் 'ஷாக் மீ' பாட்டில்தான் முதன்முறையாக லீட் வாய்ஸ் கொடுத்தார். அதையும் ஸ்டூடியோ தரையில் படுத்துக்கொண்டு பாடியிருக்கிறார். மேடையில் கரன்ட் ஷாக் அடித்த சொந்த அனுபவத்தில் பிறந்த பாட்டு அது.

அப்படிப்பட்டவர் அடுத்த வருடமே ஒரு ஆல்பத்தைத் தனியாகத் தூக்கிச் சுமந்தார். கிட்டார் அவரே, பெரும்பாலான பாடல்களில் பேஸ் கிட்டாரும் அவரே. ட்ரம்ஸுக்கு ஆன்டன் ஃபிக், தயாரிப்புக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் சவுண்ட் இன்ஜினீயர் எடி கிரேமர். சின்ன டீம்தான். ஜீனோ ஷேர், டோனா சம்மர் என்று நட்சத்திரப் பட்டாளத்தையே இறக்கினார். ஆல்பம் சார்ட்டில் ஜீனுக்கு 22-வது இடம், ஏஸுக்கு 26 என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனா ஹிட் பாட்டு? ஏஸின் 'நியூயார்க் க்ரூவ்' பில்போர்ட் ஹாட் 100-ல் 13-வது இடம் வரை போனது. மற்ற மூவரின் எந்தப் பாட்டும் அதை நெருங்கவில்லை.

இத்தனைக்கும் அது அவர் எழுதியதே இல்லை. ரஸ் பல்லார்ட் எழுதி, 'ஹலோ' என்ற பிரிட்டிஷ் பேண்ட் 1975-லேயே பாடியது. ஆனா பிராங்க்ஸ்காரர் ஒருவர் ஊர் திரும்பும் சந்தோஷத்தைப் பாடினால், கேட்கிறவர்களுக்கு அது அவர் பாட்டாகத்தானே இருக்கும்!

கிட்டாரிஸ்ட் சோலோ ஆல்பம் என்றாலே ஒரு பயம் உண்டு... பத்துப் பாட்டும் விரல் வேகத்தைக் காட்டும் கண்காட்சியாகிவிடும். ஏஸ் அந்தத் தப்பைச் செய்யவில்லை. 'ரிப் இட் அவுட்'டைக் கேளுங்கள். பாட்டு முதலில், சோலோ அப்புறம். நடுவில் ட்ரம்மருக்கும் ஒரு இடம் விட்டிருப்பார்.

அந்த ட்ரம்மர் கதை இன்னும் சுவாரஸ்யம். 1979-ல் கிஸ்ஸின் 'டைனஸ்டி' ஆல்பத்தில் பீட்டர் கிறிஸுக்குப் பதிலாகப் பெரும்பாலான பாடல்களுக்கு வாசித்தது இதே ஆன்டன் ஃபிக்தான். அதே ஆல்பத்தில் ஏஸ் மூன்று பாடல்கள் பாடினார். 1982-ல் பேண்டை விட்டே வெளியேறினார்.

கடந்த 2025 அக்டோபர் 16-ல் ஏஸ் காலமானார், வயது 74. புதிதாகக் கேட்பவர்கள் கடைசி ட்ராக் 'ஃபிராக்சர்ட் மிரர்'ரில் இருந்து ஆரம்பிக்கலாம். வரிகளே கிடையாது, குரலுக்குத் தயங்க வேண்டியதும் இல்லை. ஹெட்போன் கட்டாயம், பாஸ்!