ஒன்றுக்கு 80 கொடுத்த குதிரை: அந்தப் பணம் யாருடையது?

2022 மே 7. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் சுமார் 1.47 லட்சம் பேர். கென்டக்கி டெர்பி முடிந்த அடுத்த நொடி, அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: கையில் இருந்த பட்டியலைப் புரட்டி, "யார்யா இந்த 21-ம் நம்பர்?" என்று தேடினார்கள்.

அந்த 21-ம் நம்பரின் பெயர் ரிச் ஸ்ட்ரைக். ஜெயித்தால் ஒன்றுக்கு 80 என்ற கணக்கில் பணம் தரும் குதிரை. ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று கூட்டம் முடிவு கட்டியிருந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் ஜெயித்துவிட்டது. 2 டாலர் டிக்கெட்டுக்கு 163 டாலர் 60 சென்ட் கிடைத்தது. முதல் இரண்டு இடங்களையும் வரிசை மாறாமல் சொன்ன 2 டாலர் டிக்கெட்டுக்கு 4,101 டாலர்!

இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஜெயித்த டிக்கெட்டின் போட்டோ எல்லா போனிலும் சுற்றும். "அன்னிக்கு ஒரு நூறு ரூபா கட்டியிருந்தா..." என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில், என்ன நடந்தது?

ரிச் ஸ்ட்ரைக் அந்தப் போட்டியிலேயே இருந்திருக்க வேண்டிய குதிரை அல்ல. டெர்பியில் அதிகபட்சம் 20 குதிரைகள்தான் ஓடலாம். இது காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. போட்டிக்கு முந்தைய நாள் காலை, பெயரை விலக்கிக்கொள்ளும் கெடு முடியப்போகும் கடைசி நேரத்தில் ஈதரியல் ரோடு என்ற குதிரை விலகியது. நம்ம ஊர் ரயிலில் சார்ட் தயாராகும் நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆவதுபோல, ரிச் ஸ்ட்ரைக்குக்கு இடம் கிடைத்தது.

அதற்கு எட்டு மாதம் முன்பு, 2021 செப்டம்பரில், இதே மைதானத்தில் நடந்த ஒரு சாதாரணப் போட்டியில்தான் இந்தக் குதிரையை 30,000 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். அந்த வகைப் போட்டியில் ஓடும் எந்தக் குதிரையையும், முன்கூட்டியே அறிவித்த விலையைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். டெர்பியில் முதல் பரிசு மட்டும் 18.6 லட்சம் டாலர்.

ஓட்டத்திலும் ஒரு திருப்பம் இருந்தது. முன்னால் ஓடிய குதிரைகள் முதல் கால் மைலை 21.78 விநாடியில் கடந்தன. டெர்பி வரலாற்றிலேயே இவ்வளவு வேகமான தொடக்கம் இருந்ததில்லை. மொத்த தூரம் ஒன்றேகால் மைல், அதாவது சுமார் 2 கிலோமீட்டர். ஆரம்பத்திலேயே இப்படிப் பாய்ந்தால் கடைசியில் மூச்சு வாங்கும். முன்னால் போனவை தளர, பின்வரிசையில் கிடந்த ரிச் ஸ்ட்ரைக்கை ஜாக்கி சானி லியோன் உள்பக்க வேலியை ஒட்டியே கொண்டுவந்தார். கடைசிச் சில நொடிகளில்தான் வர்ணனையாளரே அதைக் கவனித்தார். முக்கால் குதிரை நீள இடைவெளியில் வெற்றி.

பின்னால் ஓடும் குதிரைக்கு வேகமான தொடக்கம் சாதகம் என்பதெல்லாம் ரேஸ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அப்படி நடக்கும், அதில் இந்தக் குதிரைதான் வரும் என்று முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் மிகச் சிலரே.

அந்த 163 டாலரைக் கொடுத்தது யார்?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ரேஸ் கோர்ஸ்தான் தன் கையிலிருந்து கொடுக்கிறது, அதற்குத்தான் அன்றைக்கு நஷ்டம் என்று நினைப்போம். அப்படி இல்லை.

டெர்பியில் இருப்பது டோட் முறை. எல்லோரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேரும். ரேஸ் கோர்ஸ் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதை ஜெயித்த டிக்கெட்காரர்கள் பிரித்துக்கொள்வார்கள். 'ஒன்றுக்கு 80' என்பது எந்த நிபுணரும் உட்கார்ந்து நிர்ணயித்த விலை அல்ல. எந்தக் குதிரை மீது எவ்வளவு பணம் விழுந்திருக்கிறது என்பதன் கணக்கு, அவ்வளவுதான்.

சர்ச்சில் டவுன்ஸில் முதலிடத்துக்கான பந்தயத்தில் அந்தப் பங்கு 17.5 சதவீதம். அப்படியானால் 100 டாலர் சேர்ந்தால் 82.50 டாலர்தான் பிரிக்கக் கிடைக்கும். ரிச் ஸ்ட்ரைக் மீது கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் 81.80 டாலர் கிடைத்தது. திருப்பிக் கணக்குப் போட்டால், அந்தக் குதிரை மீது விழுந்தது 100 டாலரில் சுமார் 1 டாலர் மட்டுமே.

மீதி 99 டாலர்? மற்ற 19 குதிரைகள் மீது. அது மொத்தமும் போச்சு. ஜெயித்தவர் கையில் இருக்கும் நோட்டுகள், பக்கத்தில் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவர்களின் நோட்டுகள்தான். ரேஸ் கோர்ஸின் பங்குக்கு எந்தக் குதிரை ஜெயித்தாலும் சேதாரமில்லை.

பெரிய தொகை கிடைக்கக் காரணமே, ஏறக்குறைய எல்லோரும் தோற்றதுதான். ஆனால் போட்டோவில் வருவது ஜெயித்த டிக்கெட் மட்டும்.

"எனக்கு அப்பவே தெரியும்"

எதிர்பாராத ரிசல்ட் வந்தால் ரசிகர்கள் எந்த ஊரிலும் சில வகையாகப் பிரிந்துவிடுவார்கள்.

ஒரு வகை, 'நான் நினைச்சேன், ஆனா கட்டல' என்பவர்கள். ரிசல்ட் தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்ததுபோலத் தோன்றும். பட்டியலில் அந்தப் பெயர் மீது ஒரு நொடி கண் பட்டிருந்தால் போதும், அது 'உள்ளுணர்வு' ஆகிவிடும். மற்ற 19 பெயர்கள் மீதும் அதே கண்தான் பட்டது என்பது மறந்துபோகும்.

இன்னொரு வகை, பெயரையோ நம்பரையோ பார்த்துக் கட்டியவர்கள். 21-ம் தேதி பிறந்தநாள் என்பதற்காக 21-ம் நம்பரில் கட்டியவருக்கும், பத்து வருடம் ரேஸைப் படித்துவிட்டுக் கட்டியவருக்கும் அன்றைக்குக் கிடைத்தது ஒரே தொகை. டிக்கெட் கவுன்ட்டரில் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆபத்து என்னவென்றால், முதலாமவர் அடுத்த முறையும் அதே நம்பிக்கையோடு வருவார்.

மூன்றாவது வகை, 'எல்லாம் செட்டிங்' என்பவர்கள். நாம் கணக்குப் போட்டது தப்பு என்று ஒப்புக்கொள்வதைவிட, யாரோ ஏமாற்றினார்கள் என்று நம்புவது மனசுக்குச் சுலபம். ஆனால் இந்த ரிசல்ட்டுக்கு விளக்கம் ஓட்டத்திலேயே இருக்கிறது: வேகமான தொடக்கம், உள்பக்க வழி, தளர்ந்துபோன முன்வரிசை.

நான்காவது வகை பேசவே மாட்டார்கள். தோற்றுவிட்டு, அமைதியாக பஸ் பிடித்துப் போனவர்கள். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம்.

அப்போ கூட்டம் முட்டாளா?

அதுவும் இல்லை. அன்றைக்குக் கூட்டம் அதிகம் நம்பிய குதிரை எபிசென்டர். இரண்டாவதாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிராவர்ஸ் போட்டியில் இரண்டும் மறுபடி மோதின. எபிசென்டர் முதலிடம், ரிச் ஸ்ட்ரைக் நான்காவது. அமெரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த மூன்று வயது ஆண் குதிரை என்ற விருதும் எபிசென்டருக்கே போனது. ரிச் ஸ்ட்ரைக் டெர்பிக்குப் பிறகு வேறு எந்தப் போட்டியிலும் ஜெயிக்கவில்லை.

கூட்டத்தின் மதிப்பீடு மொத்தத்தில் சரியாகத்தான் இருந்தது. ஒரு குறிப்பிட்ட மதியம், இரண்டு நிமிடத்துக்கு, அது தவறிப்போனது. 'வாய்ப்பு குறைவு' என்றால் 'நடக்கவே நடக்காது' என்று பொருள் இல்லை. 1875 முதல் ஆண்டுதோறும் நடக்கும் டெர்பியில், இதைவிட அதிகத் தொகை கொடுத்து ஜெயித்த குதிரை ஒன்றே ஒன்று: 1913-ல் டோனரெயில், ஒன்றுக்கு 91. இரண்டுக்கும் நடுவே 109 ஆண்டுகள்.

"எல்லாத்துலயும் கட்டிட்டா?"

இது அடுத்து வரும் 'ஸ்மார்ட்' யோசனை. 20 குதிரை மீதும் 2 டாலர் கட்டினால் செலவு 40 டாலர். 2022-ல் கையில் 163.60 வந்திருக்கும். செம லாபம்!

ஆனால் 2013 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஜெயித்தது கூட்டம் அதிகம் நம்பிய ஃபேவரிட் குதிரைதான். அந்த ஆறு ஆண்டும் எல்லாக் குதிரை மீதும் 2 டாலர் கட்டியிருந்தால் செலவு 230 டாலருக்கு மேல். திரும்பி வந்திருப்பது 55 டாலருக்கும் குறைவு. 2022-ன் அதிர்ஷ்டம் அந்தப் பள்ளத்தைக்கூட முழுசாக நிரப்பாது. பள்ளத்துக்கு ஆறு ஆண்டு, போட்டோவுக்கு ஒரே ஒரு நாள்.

இது நமக்கு எதுக்கு?

குதிரைப் பந்தயத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்ய 1974-ல் சட்டம் கொண்டுவந்தது. சென்னை ரேஸ் கிளப் தொடர்பான அந்த வழக்கில், 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெருமளவு திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. 'இது சூதாட்டம் இல்லை, ஸ்கில் கேம்' என்று பின்னாளில் போன் ஆப்கள் வரை நீண்ட வாதத்துக்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கிய அஸ்திவாரம்.

குதிரையின் வம்சம், பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கி, மண்ணின் ஈரம் எல்லாவற்றையும் படித்துக் கணிப்பதில் திறமை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் டோட்டில் நீங்கள் குதிரையோடு மோதவில்லை. உங்களைப்போலவே படித்துவிட்டு வந்த மற்றவர்களோடு மோதுகிறீர்கள். அவர்களின் திறமை முழுக்க ஏற்கனவே அந்த விலைக்குள் இருக்கிறது. லாபம் பார்க்க அவர்களைவிடக் கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால் போதாது. முதலிலேயே எடுக்கப்படும் பங்கையும் தாண்டும் அளவுக்குப் புத்திசாலியாக இருக்க வேண்டும். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்துக்கு 40 சதவீத ஜிஎஸ்டி வேறு. 'திறமை' என்ற சொல் சட்டத்தில் ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றலாம். கட்டுபவரின் சம்பளத்தைக் காப்பாற்றாது.

ரிச் ஸ்ட்ரைக்கின் ஓட்டம் உண்மையிலேயே அழகு. கடைசி வரிசையிலிருந்து சந்து சந்தாகப் புகுந்து வந்த அந்தக் குதிரையைப் பார்த்தால் ரேஸே தெரியாதவருக்கும் உற்சாகம் வரும். அதன் ட்ரெயினர் எரிக் ரீட், 2016-ல் லாயத்தில் பிடித்த தீயில் 23 குதிரைகளைப் பறிகொடுத்தவர். அந்த வெற்றியைக் கொண்டாடக் காரணங்கள் நிறைய. வீடியோவை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், இலவசம்தான்.

ஆனால் அதோடு ஒரு ஜெயித்த டிக்கெட்டின் போட்டோ வந்தால், 'எவ்வளவு கிடைச்சுது?' என்பதோடு நிறுத்தாமல், 'எத்தனை பேர் கொடுத்தாங்க?' என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு விடை: 100 டாலருக்கு 99.