"இந்தச் சனத்துக்கு இது போதும்" என்று முடிவு செய்தது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. கடை வைத்திருக்கும் நானாமாரும் அண்ணன்மாரும் கோபப்படாமல் கடைசி வரை வாசியுங்கள்.

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா என்று எந்த டவுனில் இறங்கினாலும், சாதாரணக் கடையில் கோப்பி கேட்டால் நமக்குக் கிடைப்பது என்ன? பல இடங்களில் காலையிலேயே காய்ச்சி வைத்த கறுப்புத் தண்ணி. இல்லாவிட்டால் சுடுதண்ணியில் கரைத்த பக்கெட் தூள். கருகிய கசப்பு நாக்குக்குத் தெரியாமல் இருக்க, கேட்காமலே மூன்று கரண்டி சீனி. ஏன் இப்படி என்றால் வரும் பதில்: "இந்தச் சனத்துக்கு இது போதும்."

அந்தப் பதிலைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

யார் இந்தச் சனம்? இந்த மலைக்கு மனிதரை ஏற்றியதே கோப்பிதான். தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் வந்து இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் முதலில் வேலை செய்தது கோப்பித் தோட்டத்தில். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததே கோப்பி மூட்டையைக் கொழும்புக்கு இறக்கத்தான். 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நம் முஸ்லிம்களும் பொதிமாட்டுத் தவளம் ஓட்டியும் கடை போட்டும் இந்த மலையோடு வாழ்ந்தவர்கள்தான். கோப்பி தெரியாத சனம் என்று இவர்களைச் சொல்ல ஒருவருக்கும் தகுதியில்லை. உரலில் இடித்த கோப்பியில் கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து ஊற்றிய பாட்டிமார் இன்றும் லயங்களில் இருக்கிறார்கள்.

இனி கோப்பியைப் பற்றி. நல்ல கோப்பிக்குத் தண்ணி ஏறத்தாழ 92 முதல் 96 பாகை சூட்டில் இருக்க வேண்டும். கொழும்பில் கொதித்த தண்ணியைக் கொஞ்சம் ஆற வைக்க வேண்டும். நுவரெலியாவிலோ, உயரத்தால், தண்ணி கொதிப்பதே ஏறத்தாழ 94 பாகையில். அல்லாஹ் இந்த ஊருக்குத் தந்த சூடே கோப்பிக்குப் பொருத்தமான சூடு! அப்படியிருந்தும் கெடுப்பது நம் கை. ஒரு கோப்பைக்கு, அதாவது 180 மில்லிலீட்டருக்கு, 10 கிராம் தூள் வேண்டும், சுமாராக இரண்டு மேசைக் கரண்டி. தூளைக் குறைத்துச் சீனியைக் கூட்டினால் அது சீனித் தண்ணி. மூடாத டின்னில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கும் தூளில் மணம் நிற்காது. காலையில் காய்ச்சியதை மத்தியானம் வரை சூடேற்றிக்கொண்டிருந்தால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும்.

தூளில் கலப்படம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணியில் கொஞ்சம் தூளைத் தூவிப் பாருங்கள். கோப்பித் தூள் பெரும்பாலும் மேலே மிதக்கும். சிக்கரி கலந்திருந்தால் அது நிறம் விட்டுக்கொண்டே கீழே இறங்கும். கலப்பது தெரிந்தே, சுத்தமான கோப்பி என்று சொல்லி விற்பது வியாபாரமா? சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் ஜும்ஆ பயானில் நாம் கேட்காததா? ஹலால் என்ற பலகையைச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது, கோப்பைக்குள்ளும் ஹலால் இருக்க வேண்டும்.

கோப்பியை விட எங்களுக்கு வலிப்பது கவனிப்பு. கார் வந்து நின்றால் மேசை துடைக்கப்படுகிறது, "வாங்க சேர்" என்று கதிரை இழுத்துப் போடப்படுகிறது. சம்பள நாளில் பிள்ளையோடு டவுனுக்கு வந்த கொழுந்து எடுக்கும் தாய்க்கு, "என்னா வேணும், சீக்கிரம் சொல்லு." இருவரும் கொடுப்பது ஒரே காசு. அந்தப் பிள்ளை எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளை. பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுகிறோம். தன் அம்மாவை டவுன் எப்படி மதிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை கடையில் படிக்கிறது. எந்தப் பாடம் மனதில் நிற்கும்?

"சாமான் விலை தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்பீர்கள். தெரியும். 2022க்குப் பிறகு பால்மாவும் கேஸும் ஏறிய விலையில் எங்கள் வீட்டு அடுப்பும்தான் எரிகிறது. ஆனால் சீனி எவ்வளவு என்று கேட்க என்ன செலவு? கோப்பையைச் சுடுதண்ணியில் கழுவ, டின்னை மூடி வைக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்ச, "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்ல எத்தனை ரூபாய்? நல்ல தூளுக்கு விலை கூடத்தான் செய்யும். அதற்குப் பத்து இருபது ரூபாய் கூட்டி, விலையைப் பலகையில் எழுதிப் போடுங்கள். பலகையில் உள்ள விலையை யாரும் ஏமாற்று என்று சொல்ல மாட்டார்கள். சீசனுக்கு ஒரு விலை, ஆளுக்கு ஒரு விலை என்றால்தான் மனம் கொதிக்கிறது.

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா நிரம்பி வழியும். மற்றப் பதினொரு மாதமும் உங்கள் கடையை நடத்துவது யார்? மழையிலும் பனியிலும் வரும் தோட்டத்துச் சனம், பஸ்காரர், மாஸ்டர், டீச்சர், ட்யூஷன் பிள்ளைகள்.

வாடிக்கையாளர்களான சகோதர சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பி சரியில்லை என்றால் சத்தம் போடாமல், "நானா, புதுசா ஒன்று போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. விலை காட்டாத கடையைப் பற்றி நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம். அழுக்கு என்றால் பீ.எச்.ஐ. இருக்கிறார். ஆனால் முதலில் கடைக்காரரிடமே சொல்லுங்கள், அவரும் நம்மவர்தான். நன்றாகப் போட்டுத் தரும் கடை இருந்தால், கீழே கமெண்டில் ஊரையும் கடையையும் எழுதுங்கள். திட்டுவதற்குக் கூடும் கூட்டம் பாராட்டவும் கூடட்டும்.

கடைக்கார நானாமாரே, இந்தச் சனத்துக்கு எது போதும் என்று இந்தச் சனமே சொல்லட்டும். நீங்கள் கேட்டு, சூடாக, மரியாதையோடு கொடுங்கள். பறக்கத் தானாக வரும், இன்ஷா அல்லாஹ்.