காணியைப் பறித்தது யார்?

தேர்தல் வந்தால் போதும், கண்டிச் சிங்களவரின் காணியைத் தோட்டத் தமிழர் பிடித்துக்கொண்டார்கள் என்று யாராவது மேடையேறிச் சொல்லிவிடுகிறார். பதில் சொல்கிறோம்.

காணி பறிபோனது உண்மை. பறித்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். காடும் தரிசும், உரித்தை நிரூபிக்காவிட்டால், முடிக்குரிய காணி என்றது அது. பாட்டன் பூட்டன் காலந்தொட்டு மாடு மேய்த்த காட்டுக்கும் சேனை வெட்டிய மேட்டுக்கும் கிராமத்தான் எந்த உறுதியைக் காட்டுவான்? வழக்கமே உறுதியாயிருந்த ஊரில் வெள்ளைக்காரன் காகிதம் கேட்டான். பிறகு அதே காணியை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றான். வாங்கியவர்கள் யார்? ஆளுநர், நீதிபதிகள், இராணுவ அதிகாரிகள். எங்கள் கங்காணிகூட அந்தப் பட்டியலில் இல்லை!

1848இல் ஆளுநர் டொரிங்டன் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். பன்றியிடமிருந்து சேனையைக் காப்பதே துவக்கும் நாயுந்தான். ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய், இல்லையேல் பணம் கட்டு என்றும் உத்தரவு. இராஜகாரியத்தை ஒழித்தோம் என்று பெருமையடித்த அதே ஆட்சிதான் இது. ஜூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூடினார். மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். காவியுடையோடு ஒரு பிக்குவையும் சுட்டார்கள். பிரித்தானிய நாடாளுமன்றம் விசாரித்தது, டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். காணி மட்டும் திரும்பவில்லை.

அந்தத் தம்புள்ளை, மாத்தளைப் பாதையில்தான் மன்னாரில் இறங்கிய எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களை அந்தத் தெருவோரம் விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் மலையேறினார்கள். பறித்த காணியில் வேலைக்குக் கொண்டுவரப்பட்டோம். பங்கு கேட்டு வரவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாவில் சம்பளம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். புரன் அப்பு விழுந்ததும் அதே கண்டிச் சீமைதான்.

1848க்குச் சரியாக 100 ஆண்டு கழித்து, வெள்ளைக்காரன் போன கையோடு, குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கியது. இப்போது காணி அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, லயம் எங்களுக்கு. வீட்டுக்கு 7 பேர்ச் என்றார்கள். அதற்கும் உறுதிப்பத்திரம் கையில் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தோட்டத்திலேயே எண்ணிப் பாருங்கள். 1840இல் கிராமத்தானிடம் கேட்ட அதே காகிதத்தை இன்று எங்களிடம் கேட்கிறார்கள், கொடுக்க வேண்டியவர்களே.

மேடையில் பேசுகிறவர் அடுத்த முறை வரும்போது, தோட்டத்து எல்லையோரக் கிராமத்து மக்களையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருவோம். இந்த இரண்டு காணிக் கணக்கையும் அவரிடம் ஒன்றாகவே கேட்போம்.