வேலியை வெட்டுமுன் குருவியைப் பாருங்கள்

ஐப்பசியில் நெமிலிப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் வேலிப் புதர்களிலும் நாக்கைச் சொடுக்கினாற்போல் ‘டக், டக்’ என்று ஓர் ஓசை கேட்கும். பொறுமையாக நின்றால், சிட்டுக்குருவியைவிடச் சிறிய, மங்கிய பழுப்புக் குருவி ஒன்று தழைக்குள் தாவுவது தெரியும். நாணல் கதிர்க்குருவி என்பது இதன் பெயர். எடை 10 முதல் 12 கிராம்தான். ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் இங்கு வந்து, சித்திரை வாக்கில் திரும்புகிறது.

உழவுசாலில் வாலை ஆட்டிக்கொண்டு புழு பொறுக்கும் மஞ்சள் வாலாட்டியும் வடக்கேயிருந்து வருவதே. அதை உழவர்கள் அறிவார்கள். கதிர்க்குருவியை அறிந்தவர் குறைவு.

வேடந்தாங்கல் மக்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று முறையிட்டு, 1798-இல் கலெக்டரிடம் உத்தரவே வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். வேலிக் குருவிக்குப் பரிந்து பேசத்தான் ஆளில்லை.

இது சிறு புழு, வண்டு, சிலந்திகளைத் தின்று வாழ்வது. இதுவே பயிரைக் காப்பாற்றிவிடும் என்பது மிகை. நன்மை செய்யும் சிலந்தியையும் தின்கிறதே என்று கேட்டால், அதுவும் உண்மைதான். ஆனால் தானியத்தைத் தொடாத குருவி இது. சோளக்கதிரில் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவியோடு சேர்த்து இதையும் விரட்டுவது நியாயமன்று.

வயலில் ‘டி’ வடிவக் குச்சி நட்டால் கரிச்சான் வந்து உட்காரும்; கதிர்க்குருவி வராது. அதற்கு அடர்ந்த தழை வேண்டும். வேலியை அடியோடு வெட்டிக் கொளுத்திவிட்டுக் கல்தூணும் முள்கம்பியும் போட்டால் அது எங்கே ஒதுங்கும்? வேலிக்காத்தானை அகற்றுவதில் தவறில்லை, அகற்ற வேண்டியதே. அந்த இடத்தில் மழை ஈரத்திலேயே கிளுவை, நொச்சி, ஆடாதொடைப் போத்துகளை ஊன்றலாம். முள்கம்பிச் செலவில் இது சிறு பங்குகூட ஆகாது. நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடு கடிக்காது, தழையுரத்துக்கும் ஆகும். கவாத்து செய்யும்போது ஒரே மூச்சில் முழு வேலியையும் மொட்டையடிக்காமல், இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம் என்று வைத்துக்கொள்வது நன்று.

நடவான முதல் மாதத்தில் இலையில் நாலு ஓட்டை கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுவோர் உண்டு. அந்த வயதில் நெற்பயிர் பெரும்பாலும் தானே தழைத்துக்கொள்ளும். தெளித்த மருந்தில் குருவியின் இரையும் போகிறது, விவசாயியின் பணமும் போகிறது. தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன், காலை வெயில் ஏறுவதற்குள் அரைமணி நேரம் வேலியோரம் நின்று, எத்தனை குருவி, எத்தனை புழு என்று எண்ணிப் பார்க்கலாம்.